யோகோஹாமா ஹோட்டல் நியூ கிராண்டில் பிற்பகல் தேநீர்: முதல்முறை போகிறவர்களுக்கு

ஜப்பானில் பழைய ஹோட்டல் ஒன்றில் பிற்பகல் தேநீர் சாப்பிட ஆசைப்படுகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நேராகப் போய் உட்கார்ந்து ‘ஒரு டீ’ கேட்கிற விஷயம் இல்லை இது. முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும், எதைச் சாப்பிடுவோம், எதைச் சாப்பிட மாட்டோம் என்று சொல்லிவைக்க வேண்டும், மதியச் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவையும் செய்துவிட்டால் அப்புறம் இரண்டு மணி நேரம் உங்களை யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

மூன்று அடுக்குத் தாங்கியில் சாண்ட்விச், ஸ்கோன் என்கிற சின்ன உருண்டை ரொட்டி, இனிப்பு, கூடவே வேண்டிய மட்டும் தேநீர். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் பிறந்த பழக்கம் இது. ஜப்பானியர்கள் இதை எடுத்துக்கொண்டு தங்கள் பருவங்களோடு சேர்த்துவிட்டார்கள். குளிர்காலக் கடைசியிலிருந்து வசந்தம் வரை ஸ்ட்ராபெரி, கோடையில் பீச்சும் மெலனும், இலையுதிர் காலத்தில் செஸ்ட்நட்டும் சர்க்கரைவள்ளியும் என்று தட்டு மாறிக்கொண்டே இருக்கும். இதற்காகவே ஹோட்டல் ஹோட்டலாகப் போகிறவர்கள் நிறைய. அந்தப் பழக்கத்துக்கு ‘நுன்கத்சு’ என்றே ஒரு செல்லப்பெயர் இருக்கிறது.

எந்த ஹோட்டலுக்குப் போவது? 1873-ல் விருந்தினர் விடுதியாகத் தொடங்கிய நிக்கோ கனயா, ஹகோனே மலையில் 1878-ல் தொடங்கிய ஃபுஜியா, ஐன்ஸ்டைன் 1922-ல் தங்கிய நாரா ஹோட்டல், ரயில் நிலையத்துக்குள்ளேயே 1915 முதல் இருக்கும் டோக்கியோ ஸ்டேஷன் ஹோட்டல் என்று பட்டியல் நீளும். எல்லா இடத்திலும் மூன்றடுக்குத் தேநீர் எல்லா நாளும் கிடைக்காது. சில இடங்களில் ‘கேக் செட்’ மட்டும்தான், அதாவது ஒரு துண்டு கேக்கும் ஒரு பானமும். கையில் காசு குறைவாக இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம், குறைச்சல் ஒன்றும் இல்லை. முதல்முறை என்றால் நான் யோகோஹாமாவின் ஹோட்டல் நியூ கிராண்டைத்தான் சொல்வேன். டோக்கியோவிலிருந்து ஒரே ரயில், கட்டடம் உண்மையிலேயே பழையது, எதிரே பூங்காவும் கடலும்.

இந்த ஹோட்டலுக்கு ஒரு பின்கதை உண்டு. 1923 செப்டம்பர் 1-ல் வந்த பெரும் நிலநடுக்கத்தில் யோகோஹாமா இடிந்து எரிந்துபோனது. வெளிநாட்டு விருந்தினர் தங்கிய பழைய கிராண்ட் ஹோட்டலும் அதில் போயிற்று. ஊர் மறுபடி எழுந்தபோது துறைமுகத்துக்கு வருகிறவர்கள் தங்க ஒரு நல்ல இடம் வேண்டும் என்று ஊர்க்காரர்களே முனைந்து நின்று கட்டியதுதான் நியூ கிராண்ட். வடிவமைத்தவர் வதனாபே ஜின். பிற்பாடு டோக்கியோ கின்ஸாவில் கடிகாரக் கோபுரத்தோடு நிற்கும் ஹத்தோரி கட்டடத்தை வரைந்தவரும் இவர்தான். ஹோட்டலின் வளைந்த மூலைச் சுவரில், மேலே, 1927 என்று பொறித்திருக்கும். உள்ளே போகுமுன் சாலையின் எதிர்ப்பக்கம் நின்று அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இடம் பிடிப்பது

வார நாளாக இருந்தால் ஒரு வாரம், சனி ஞாயிறு என்றால் இரண்டு மூன்று வாரம் முன்பே பதிவு செய்யுங்கள். ஸ்ட்ராபெரி பருவத்தில் அதைவிடவும் முன்னால். ஹோட்டலின் இணையதளத்தில் உணவகங்கள் பகுதிக்குப் போனால் அங்கே அந்தப் பருவத்தின் தேநீர், விலை, நேரம் எல்லாம் இருக்கும். நியூ கிராண்டில் இது பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில், உள்முற்றத்தைப் பார்த்தபடி இருக்கும் ‘லா தெராஸ்’ என்ற லவுஞ்சில் நடக்கிறது. இப்படிப்பட்ட ஹோட்டல்களில் ஒருவருக்குப் பெரும்பாலும் 5,000 முதல் 8,000 யென் வரை ஆகும். விலைக்குப் பக்கத்தில் வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்ததா இல்லையா என்று பாருங்கள். சேராவிட்டால் 10 சதவீத வரியும், அதற்கு மேல் 10 முதல் 15 சதவீதம் வரை சேவைக் கட்டணமும் ஏறும். சில இடங்களில் இரண்டு பேருக்குக் குறைந்து பதிவு ஏற்பதில்லை. தனியாகப் போகிறவர்கள் அதையும் கவனிக்க வேண்டும்.

படிவத்தில் நமக்கு ஒரு சிக்கல் வரும். குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, ஆனால் கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் நகராது. கடவுச்சீட்டில் அப்பா பெயர் எந்த இடத்தில் இருக்கிறதோ அதே இடத்தில் அப்படியே போடுங்கள். அதற்குக் கீழே உச்சரிப்பைக் கத்தகானா என்ற ஜப்பானிய எழுத்தில் கேட்பார்கள். ஜப்பானிய மொழியில் ர, ல இரண்டுக்கும் ஒரே எழுத்துதான், ழ-வும் அதிலேயே போய்ச் சேரும். துல்லியமாக வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், வாசலில் நீங்கள் சொல்கிற பெயரோடு பொருந்தினால் போதும். கைபேசி எண்ணும் கேட்பார்கள். ஜப்பான் எண் இல்லாத பயணிகள் தங்கியிருக்கும் ஹோட்டலின் வரவேற்பறையில் சொன்னால் அவர்களே தொலைபேசியில் பதிவு செய்து கொடுப்பார்கள்.

இந்தப் பெயர் விஷயத்தால் எனக்கு ஒரு நல்லது நடந்தது. லவுஞ்ச் வாசலில் நின்றிருந்த பெண் பட்டியலைப் பார்த்து, தலை குனிந்து, என் அப்பாவின் பெயரோடு ‘சாமா’ சேர்த்துக் கூப்பிட்டார். மிக மரியாதையான விளி அது. ஊரில் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் அதிகம் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘சார்’ அல்லது ‘அண்ணாச்சி’. கடல் கடந்து ஒரு பழைய ஹோட்டலில் அந்தப் பெயரை அவ்வளவு பணிவோடு ஒருவர் சொன்னபோது பதில் சொல்ல எனக்கு ஒரு நொடி பிடித்தது.

சாப்பாட்டு விஷயம்

சைவம் சாப்பிடுகிறவர்களும் ஹலால் பார்க்கிறவர்களும் இந்தப் பகுதியை விட்டுவிடாமல் படியுங்கள். பதிவு செய்யும்போதே எழுதினால்தான் மாற்றுத் தட்டு சாத்தியம். பல இடங்களில் மூன்று நாளாவது முன்பே தெரிய வேண்டும் என்பார்கள். வேறொரு ஊரில் ஒரு ஹோட்டலில், சொல்லாமல் போய், உட்கார்ந்த பிறகு ‘வெஜிடேரியன்’ என்றேன். அவர்கள் மிகவும் வருத்தப்பட்டார்கள், ஆனால் சமையலறையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. என்னுடன் வந்த தோழி அடித்தட்டு முழுவதையும் சாப்பிட, நான் ஸ்கோனோடு நிறுத்திக்கொண்டேன்.

‘வெஜிடேரியன்’ என்ற சொல் மட்டும் போதாது. ஜப்பானில் சிலருக்கு அந்தச் சொல்லில் மீன் சேர்ந்துவிடும், பலருக்கு மீன் சாறு சேர்ந்துவிடும். அதனால் பொருளின் பெயரைச் சொல்லியே எழுதுங்கள்: இறைச்சி, மீன், இறால், இவற்றின் சாறு, ஜெலட்டின். அந்தத் ‘தாஷி’ என்ற சாறு உலர்ந்த போனிட்டோ மீனிலிருந்து எடுப்பது, சிறு கிண்ணத்தில் வரும் சூப்பிலும் கீஷ் என்கிற முட்டை சேர்த்த குட்டி உப்புப் பண்டத்திலும்கூட இருக்கலாம். ஜெலட்டின் இருப்பது மேல்தட்டில், பளபளவென்று நிற்கும் மூஸிலும் ஜெல்லியிலும். மது சாப்பிடாதவர்கள் ‘இனிப்பிலும் மது வேண்டாம்’ என்று தனியாகச் சேர்க்க வேண்டும், ரம்மும் இனிப்பு மதுவகைகளும் கேக்குகளில் சாதாரணம். முட்டையும் கூடாது என்றால் வெளிப்படையாகச் சொல்கிறேன், பழைய ஹோட்டல்களில் அது மிகக் கடினம். ஸ்கோனிலும் கேக்கிலும் பெரும்பாலும் முட்டை இருக்கும். அப்படிப்பட்டவர்கள் தேநீரும் பழமும் மட்டும் கிடைக்குமா என்று முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நேரில் சொல்ல ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்துகொள்ளலாம்: ‘நிகு தோ சகானா கா தபெராரெமாசென்’, அதாவது இறைச்சியும் மீனும் சாப்பிட முடியாது. சந்தேகம் இருந்தால் பணியாளர் சமையலறைக்குப் போய்க் கேட்டுவிட்டு வருவார். அதைத் தொந்தரவாக அவர்கள் நினைப்பதில்லை, தெரியாமல் பரிமாறுவதைத்தான் பெரிய தவறாக நினைக்கிறார்கள்.

போகிற நாள்

டோக்கியோவின் ஷிபுயாவிலிருந்து தோயோகோ ரயிலில் ஏறினால் அதுவே மினாதோமிராய் தடமாகத் தொடர்ந்து கடைசி நிலையமான மொதோமாச்சி-சூகாகாய்க்குக் கொண்டுவிடும். வேக வண்டியில் சுமார் 40 நிமிடம், தனிக் கட்டணம் இல்லை. 1-ஆம் எண் வாசலில் ஏறி வெளியே வந்தால் ஹோட்டல் கிட்டத்தட்ட பக்கத்திலேயே.

உடை பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். அரைக்கால் சட்டை, கடற்கரைச் செருப்பு இரண்டும் இல்லாமல், கல்யாண வரவேற்புக்கு ஒரு படி குறைவாக உடுத்தினால் சரி. சேலை கட்டிப் போகலாம், கிமோனோவில் வருகிறவர்களும் இருப்பார்கள். மணம் தூக்கலான வாசனைத் திரவியத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், தேநீரின் மணத்தை அது மூடிவிடும்.

பதிவு நேரத்துக்கு அரைமணி முன்பே போய்விடுங்கள். இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்திச் சொல்ல நினைப்பது இதுதான். தேநீரும் கேக்கும் புது ஹோட்டலிலும் கிடைக்கும், சில சமயம் இதைவிட நன்றாகவே கிடைக்கும். பழைய ஹோட்டலுக்கு வருவது கட்டடத்துக்காக. அதைப் பார்க்காமல் நேராக மேசைக்குப் போய்விட்டு நேராக வீடு திரும்பினால் பாதிப் பணம் வீண்.

பழைய கட்டடத்தின் நடு வாசலில் நுழைந்ததும் நீல விரிப்பு போட்ட அகலமான படிக்கட்டு நேரே மேலே போகும். மெதுவாக ஏறுங்கள். இந்தப் படிக்கட்டில்தான் கப்பலில் வந்து இறங்கியவர்கள் ஏறியிருக்கிறார்கள். மேலே எதிரே மின்தூக்கி, அதன் மேல் ஒரு கடிகாரம், அதற்கும் மேலே இசைக்கருவி வாசிக்கும் தேவலோகப் பெண்களை நெய்த திரைச்சீலை. வலப்பக்கமோ இடப்பக்கமோ திரும்பாமல் ஒரு நிமிடம் நின்று, அப்புறம் பின்னால் திரும்பிப் பாருங்கள். உயரமான ஜன்னல்கள், கனத்த தூண்கள், ஜன்னலுக்கு வெளியே யமாஷிதா பூங்காவின் மரங்கள். இரண்டாம் மாடி என்று ஜப்பானியக் கணக்கில் சொல்லும் இந்தக் கூடம்தான் ஹோட்டலின் முதல் வரவேற்பறை. இங்கே இருக்கும் நாற்காலிகளின் மரச்செதுக்கலைக் கிட்டப்போய்ப் பாருங்கள், யோகோஹாமாத் தச்சர்கள் மேல்நாட்டு நாற்காலி செய்யக் கற்றுக்கொண்டு தனியொரு மரபாக வளர்த்த வேலை அது. 1945 ஆகஸ்ட் 30-ல் ஜப்பானில் வந்திறங்கிய அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் அன்றிரவு தங்கியதும் இந்த ஹோட்டலில்தான். எட்டு வருடம் முன்னால், 1937-ல், புதுமணத் தம்பதியாக வந்தபோதும் அவர் இங்கே தங்கியிருக்கிறார்.

வார இறுதிகளில் இங்கே கல்யாணம் நடக்கும். மணமக்கள் படிக்கட்டில் படம் எடுத்துக்கொண்டிருந்தால் ஒதுங்கி நின்று காத்திருங்கள். நீங்கள் படம் எடுக்கலாம், மற்ற விருந்தினர் முகம் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மேசையில்

குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் லவுஞ்ச் வாசலுக்கு வந்துவிடுங்கள். தாமதமானால் தொலைபேசியில் சொல்லுங்கள், ஆனால் உங்கள் இரண்டு மணி நேரம் பெரும்பாலும் குறித்த நேரத்திலிருந்தே எண்ணப்படும். கைப்பையைத் தரையில் வைக்க விடமாட்டார்கள், அதற்கென்று ஒரு கூடை வரும். சுருட்டிய ஈரத் துண்டு வந்தால் அது கை துடைக்க மட்டும்.

முதல் வேலை தேநீர் தேர்ந்தெடுப்பது. இங்கே பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் அதில் நம் ஊர்ப் பெயர்கள் இருக்கும். ஜப்பானின் தேநீர்ப் பட்டியல்களில் டார்ஜிலிங், அஸ்ஸாமோடு நீலகிரி, ஊவா, டிம்புள்ள, நுவரெலியா என்ற பெயர்கள் சாதாரணமாக வரும். சீனாவின் கீமுன், டார்ஜிலிங், இலங்கையின் ஊவா மூன்றையும் ‘உலகின் மூன்று பெரும் தேநீர்கள்’ என்று ஜப்பானியர்கள் சொல்வது வழக்கம். அந்த ஊவாவின் இலையைத் தலைமுறை தலைமுறையாகக் கிள்ளியவர்கள் மலையகத் தமிழர்கள். நீலகிரித் தோட்டங்களிலும் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் நிறையப் பேர் உழைத்திருக்கிறார்கள். வெள்ளிக் கெண்டியோடு வந்த பணியாளரிடம் நான் அரைகுறை ஜப்பானிய மொழியில், நீலகிரி எங்கள் மாநிலத்து மலை என்று சொன்னேன். ஓ என்று வியந்து, உள்ளே போய் அந்த இலையை ஒரு சிறு தட்டில் போட்டு, மணம் பார்க்கக் கொண்டுவந்து வைத்தார். கோத்தகிரிப் பேருந்து நிலையத்தில் இறங்கினால் வருமே, அந்த வாசம்.

ஜப்பானின் சொந்தக் கறுப்புத் தேநீரும் சில இடங்களில் இருக்கும், ‘வாகோச்சா’ என்பார்கள். அதற்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு. மெய்ஜி பேரரசர் காலத்தில் ஜப்பான் அரசு அனுப்பி, 1876-ல் இந்தியாவுக்கு வந்து கறுப்புத் தேநீர்த் தயாரிப்பைக் கற்றுப்போனவர் ததா மொதோகிச்சி. அவர் கொண்டுபோன விதைகளை ஷிசுவோகா மாவட்டத்தின் மரிகோவில் பயிரிட்டார். பட்டியலில் பார்த்தால் ஒரு கோப்பை குடித்துப் பாருங்கள். கசப்பு குறைவு, பால் சேர்த்தால் அதன் சுவையே காணாமல் போய்விடும்.

என் வரிசை இது: சாண்ட்விச்சோடு டார்ஜிலிங் மாதிரி மெல்லியது, ஸ்கோன் வரும்போது ஊவாவோ அஸ்ஸாமோ பாலோடு, இனிப்புக்கு எலுமிச்சைத் துண்டு போட்ட நீலகிரி, கடைசியில் வறுத்த இலையில் போடும் ஹோஜிச்சா இருந்தால் அது. பாலில் கொதிக்க வைத்த நம் டீ கிடைக்காது. பால் சிறு குடுவையில் தனியாக, பெரும்பாலும் ஆறியபடி வரும். சில இடங்களில் கெண்டியோடு மணல் கடிகாரம் வைப்பார்கள், மணல் இறங்கும் வரை ஊற்றாதீர்கள். அடுத்த தேநீருக்கு மாறக் கூச்சம் வேண்டாம், ‘சுமிமாசென், ஒகாவாரி ஒனெகாய்ஷிமாஸ்’ (மன்னிக்கவும், இன்னொன்று கொடுங்கள்) என்றால் வந்துவிடும். நேரம் முடிய அரைமணி இருக்கும்போது கடைசியாக என்ன வேண்டும் என்று கேட்பார்கள்.

கீழ்த்தட்டிலிருந்து மேலே போவது வழக்கம்: உப்புப் பண்டம், ஸ்கோன், இனிப்பு. ஆனால் ஸ்கோன் சூடாக வந்தால் வரிசையை விட்டுவிட்டு அதை முதலில் எடுங்கள். நல்ல ஸ்கோனின் இடுப்பில் ஒரு வெடிப்பு இருக்கும், ஜப்பானியத் தேநீர்ப் பிரியர்கள் அதை ‘ஓநாய் வாய்’ என்கிறார்கள். கத்தி வேண்டாம், அந்த வெடிப்பில் இரண்டு கட்டைவிரலையும் வைத்துப் பிரித்தால் மேல் கீழாகப் பிளந்துவிடும். ஒரு வாய்க்கு வேண்டிய அளவு கிள்ளி, அதன் மேல் மட்டும் க்ரீமும் ஜாமும் வையுங்கள். மேசை தாழ்வாக இருந்தால் இடக்கையால் கோப்பையின் சாசரையும் சேர்த்துத் தூக்கித் தேநீர் குடிப்பது நல்லது, மடியில் சிந்தாது.

மூன்று தட்டும் பார்க்கச் சிறியதாகத் தெரியும், ஆனால் வயிறு நிறைந்துவிடும். மிச்சத்தைக் கட்டிக் கொடுக்கச் சொன்னால் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள், கெட்டுப்போய் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போய்விடுமோ என்ற பயம். அதனால்தான் மதியச் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னேன்.

டிப்ஸ் வைக்காதீர்கள், வைத்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். கிளம்பும்போது ‘கோச்சிசோஸமா தேஷிதா’ என்று சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு நன்றி சொல்லும் வார்த்தை அது, சமையலறை வரை போய்ச் சேரும்.

வெளியே வந்ததும் சாலையைக் கடந்தால் யமாஷிதா பூங்கா. நிலநடுக்க இடிபாடுகளைக் கடலில் கொட்டி நிரப்பி, 1930-ல் திறந்த பூங்கா இது. அதே வருடம் ஓடத் தொடங்கிய ஹிகாவா மாரு கப்பல் கரையோரம் நிரந்தரமாகக் கட்டப்பட்டிருக்கிறது. பூங்காவுக்குள் ஒரு சின்னக் கோபுரம் இருக்கும், இந்தியப் பாணிக் கும்மட்டத்தோடு. நிலநடுக்கத்தின்போது யோகோஹாமாக்காரர்கள் தங்களுக்குச் செய்த உதவிக்கு நன்றியாக இங்கிருந்த இந்திய வணிகர்கள் 1939-ல் கட்டிக் கொடுத்த குடிநீர்க் கோபுரம் அது. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் கும்மட்டத்தின் உட்புறம் முழுக்க நிறநிறமாகச் சில்லுகள் பதித்திருக்கும். பலரும் அதைத் தாண்டிக் கப்பலைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அவசரப்படாமல் இரண்டையும் பாருங்கள். திரும்பும் ரயில் நீங்கள் வந்திறங்கிய மொதோமாச்சி-சூகாகாய் நிலையத்திலிருந்துதான் புறப்படுகிறது, எப்போது போனாலும் பெரும்பாலும் உட்கார இடம் கிடைத்துவிடும்.